தராசுக்காரரின் வண்டிவீடு

தேநீர் மேசைக்கு வந்து சேருமுன் தராசுக்காரர் சட்டைப்பையிலிருந்து அந்தக் கண்ணாடி வில்லையை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார். பழைய தராசு ஒன்றிலிருந்து கழற்றிய ரசமட்டம் அது. நாணயத்தின் அளவு, உள்ளே பச்சைத் திரவம், அதில் ஒரு குமிழி. குமிழி நடுவில் நிற்காவிட்டால் அவருக்குத் தேநீர் தொண்டையில் இறங்காது. குனிந்து, ஒரு காகிதத்தை மடித்து மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்து, மறுபடி பார்த்த பிறகுதான் டம்ளரைத் தொடுவார்.

"என் கடை டேபிள் பூரா இவர் வச்ச காகிதத்துலதான் நிக்குது. எடுத்தா கடையே சாஞ்சிடும்" என்பார் டீக்கடைக்காரர்.

தொழில் கொடுத்த பழக்கம். எடை இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர் அவர். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசானாலும் மருந்துக்கடைச் சின்னத் தராசானாலும், முதல் வேலை அதன் கால்களைத் திருகிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவருவது. "நேரா நிக்காத தராசு சொல்றதெல்லாம் புளுகு" என்பார். முழுதாகச் சரியாகாத ஒன்றை, வாடிக்கையாளர் காலில் விழுந்தாலும் பட்டறையை விட்டு அனுப்ப மாட்டார். வெளியே போன தராசு எதுவும் திரும்பி வந்ததில்லை என்று எதிர்க்கடைக்காரர்களே ஒப்புக்கொள்வார்கள்.

இப்படிப்பட்டவர் பட்டாளத்து லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்தபோது தெருவே கூடி நின்று சிரித்தது. நெஞ்சு உயரத்துக்குச் சக்கரம். உரிந்த பச்சை வண்ணம். சிப்பாய்கள் உட்கார இரண்டு பக்கமும் மரப்பலகை. மேலே கிழிந்த கித்தான். லாரி ஓட்டும் மச்சினர் அதை ஒரு சுற்று சுற்றிவந்து உதட்டைப் பிதுக்கினார்.

"மாமா, இது இரும்புக் கடைக்குப் போற வழியில தப்பிச்சு ஓடியாந்தது."

"நீயும் அப்படி வந்தவன்தான். உங்க அக்கா சோறு போடலயா?"

வாங்கிய காரணம் அந்த அக்காதான், தராசுக்காரரின் மனைவி. அவரைத் தையல்காரம்மா என்றுதான் எல்லோருக்கும் தெரியும். காலமெல்லாம் தையல் இயந்திரத்தின்மேல் குனிந்திருந்ததில் முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு மேல் உட்கார முடியாது; படுத்தால் வலி இல்லை. அவருக்கு மூத்த அக்கா ஒருவர் மலைகளுக்கு அப்பால், ரயில் போகாத ஊரில் இருக்கிறார். மூத்தவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. "உன் குரலத்தான் தினம் கேக்கறேனே. கண்ணுல வெளிச்சம் இருக்கறப்பவே ஒருதரம் மூஞ்சியக் காட்டிட்டுப் போடி" என்று தொலைபேசியில் சொன்னார். தையல்காரம்மா அன்று முழுவதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மறுவாரம் லாரி வந்தது.

வீட்டுப் பின்புறத்துச் சரிவான மண்தரையில், சக்கரங்களுக்குக் கல் வைத்து நிறுத்தினார். இரண்டு மழைக்காலம் அது அங்கேயே நின்றது. கித்தானைப் பிரித்து, அதே வளைவுக் கம்பிகளின்மேல் தகரக் கூரை போட்டார். வெயில் இறங்காமலிருக்கத் தகரத்துக்கும் உட்பலகைக்கும் நடுவே தெர்மாகோல். சிப்பாய்களின் பலகைகள் கட்டிலாயின. யாரோ ஒரு சிப்பாய் கத்தியால் கீறியிருந்த பூவை இழைத்து அழிக்க மனம் வராமல், அது தலையணைப் பக்கம் வரும்படி அமைத்தார். இடிந்த ஆஸ்பத்திரியிலிருந்து கை கழுவும் தொட்டி, கூரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி, சுவரோடு மடிந்துகொள்ளும் மேசை. படுத்தபடியே திரைச்சீலை தைத்துத் தந்தார் தையல்காரம்மா.

பார்த்தவர்கள் வாயைப் பிளந்தது ஏறும் வழியைக் கண்டுதான். அவ்வளவு உயரம் தையல்காரம்மாவால் ஏற முடியாது. தராசுக்காரர் ஒரு மேடைத் தராசின் தட்டைச் சங்கிலியில் கோத்து, கைப்பிடியைச் சுற்றினால் மெல்ல மேலே போகும்படி செய்துவிட்டார். தையல்காரம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "முள்ளக் கழட்டிட்டுக் கொண்டாங்க. நான் என்ன எடைன்னு ஊருக்குச் சொல்லணுமா?"

கட்டில், மேசை, தொட்டி, அலமாரி என ஒவ்வொன்றையும் குமிழி பார்த்துத்தான் இறுக்கினார். கட்டிலின் முன்கால் பின்காலைவிட நீளமாக வேண்டியிருந்தது. பழைய பட்டாளத்து வண்டி, அதன் தளம் அழுந்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். எந்தத் தராசுக்குத்தான் நான்கு காலும் ஒரே அளவு?

"மாமா, கட்டில் ஒரு மாதிரி கோணலாத் தெரியுதே" என்றார் மச்சினர் ஒருநாள்.

தராசுக்காரர் வில்லையைக் கட்டில்மேல் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. "உன் கண்ணு புளுகும் மச்சான். இது புளுகாது."

எஞ்சினும் பிரேக்கும் மச்சினர் பொறுப்பு. கடைசியாகத்தான் அவை உயிர் பெற்றன. மறுநாள் விடியலில் பயணம் என்று முடிவாகி, மூத்தவருக்கும் சொல்லியாயிற்று. ஒரு வெள்ளோட்டமாக வண்டியை மேட்டிலிருந்து இறக்கி, தெருமுனை விளையாட்டுத் திடலில் கொண்டுவந்து நிறுத்தினார் மச்சினர். திடல் சமதரை.

தையல்காரம்மாவைத் தட்டில் நிற்கவைத்து மேலே ஏற்றினார்கள். உள்ளே போய் ஆசையாக ஒரு டம்ளரை மேசைமேல் வைத்தார். டம்ளர் மெல்ல நகர்ந்து, விளிம்பைத் தாண்டி, உருண்டு கதவோரம் போய் நின்றது. தொட்டியில் ஊற்றிய தண்ணீர் ஓட்டைக்குப் போகாமல் மூலையில் தேங்கியது. கட்டில் தலைமாட்டில் தாழ்ந்து, கால்மாட்டில் தூக்கிக்கொண்டு நின்றது.

தராசுக்காரர் வில்லையை வைத்தார். குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. பேயறைந்ததுபோல் அதையே பார்த்தார். கொல்லைச் சரிவில் மூக்கு இறங்கி நின்ற வண்டிக்குள் எல்லாவற்றையும் பூமிக்கு மட்டமாக்கியிருந்தார்; வண்டிக்கு மட்டமாக்கவில்லை.

"அவ்வளவையும் பிரிக்கணும்" என்றார். குரல் தாழ்ந்துவிட்டது. "கட்டில், தொட்டி, குழாய்... எல்லாம்."

"எப்ப முடியும்?" என்றார் தையல்காரம்மா.

"அடுத்த மழைக்குள்ள."

சரியாகாததை வெளியே அனுப்பாத மனிதர் இவர் என்பதும், அடுத்த மழை வரை அக்காவின் கண் காத்திருக்காது என்பதும் தையல்காரம்மாவுக்குத் தெரியும். தராசுக்காரர் ஸ்பேனரை எடுத்து, கட்டிலின் முதல் போல்ட்டைத் தளர்த்தத் தொடங்கினார்.

தையல்காரம்மா தலையணையை எடுத்தார். கட்டிலின் மறுமுனையில் போட்டு, மெதுவாக நீட்டிப் படுத்தார்.

"எந்திரிம்மா. போல்ட்டு கழருது."

"கழரட்டும், நான் படுத்திருக்கேன். தலை மேல, கால் கீழ. சொகமாத்தான் இருக்கு." கண்ணை மூடிக்கொண்டார். "ஏங்க, அக்கா ஊருக்குப் போறது மலை ரோடு. உங்க குமிழியக் கேட்டா அதப் போட்டாங்க? ஏத்தத்துல ஒரு பக்கம் சாயும், எறக்கத்துல ஒரு பக்கம் சாயும். நான் என்ன மளிகைச் சாமானா, மட்டமா வச்சு நிறுக்க?"

"நிறுத்தறப்ப மேடு பாத்து, மூக்கு எறக்கமா நிறுத்திடறேன் மாமா. அப்ப எல்லாம் நேராயிடும்" என்று வெளியிலிருந்து மச்சினர் குரல் கொடுத்தார். "நம்ம கொல்லை மாதிரி எடம் ரோட்டுல ஏராளம் இருக்கு."

தராசுக்காரர் ஸ்பேனரை போல்ட்டிலிருந்து எடுத்தார். தலையணை போனபின் சிப்பாயின் பூ இப்போது மனைவியின் பாதத்தருகே தெரிந்தது. பிறகு, கழற்றிய அளவுக்கு அந்த போல்ட்டை மறுபடி இறுக்கினார்.

தையல்காரம்மா மெல்ல எழுந்து, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி மேசையில் வைத்தார். வழக்கம்போல் தராசுக்காரரின் கை சட்டைப்பையை நோக்கிப் போனது, பாதியில் நின்றது.

"நாளைக்கு விடியக்காலைதானே மாமா?" என்று கேட்டார் மச்சினர்.

"ம்" என்றார். மனைவியின் டம்ளர் வழுக்கத் தொடங்கியது. மேசையின் தாழ்ந்த ஓரத்தில் உள்ளங்கையைச் செங்குத்தாக வைத்து அதைத் தடுத்து நிறுத்தினார். மனைவி குடித்து முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.