பின் சீட்டுக்கு அடியில் கேட்ட மூச்சு

எங்கள் கார் பழையது. இரண்டு பேர் ஓட்டிக் கைமாறி என்னிடம் வந்தது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் அடியில் எங்கேயோ "ட்ச், ட்ச், ட்ச்" என்று பல்லி சொல்கிற மாதிரி கேட்கும். கொஞ்சம் ஓடிச் சூடானதும் நின்றுவிடும். கிளம்பும்போது பல்லி சொன்னால் நல்லதுதானே என்று நான் மெக்கானிக்கிடம் காட்டவே இல்லை. ஊதுபத்தி ஏற்றி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் கியர் போடுவேன். அப்படியே ஒரு வருஷம் ஓட்டினேன். இதை எழுதக் கை கூசுகிறது.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்குச் சின்ன மளிகைக் கடை. வாரம் ஒரு தடவை வெள்ளிமலைக்குப் போய்ப் புளியும் சாமையும் வாங்கி வருவோம். புளியைக் கிள்ளிப் பார்த்தே எத்தனை நாள் தாங்கும் என்று என் மனைவி சொல்லிவிடுவாள். அதனால் அவளும் வருவாள். முன் சீட்டில் தராசும் சாக்கும் இருக்கும், அவள் பின்னால் உட்காருவாள்.

பனி தொடங்கிய சமயம், மலை ஏறும்போது வேறு ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. பின் சீட்டுக்கு அடியில் "புஸ்... புஸ்..." என்று. சளி கட்டிய குழந்தை தூக்கத்தில் மூச்சு விடுமே, அப்படி.

எங்களுக்கு ஒரே பெண். நாலு வயசில் காய்ச்சலில் போய்விட்டாள். பதினொரு வருஷம் ஆகிறது. கடைசி மூன்று நாள் அவள் மூச்சு அப்படித்தான் இருந்தது.

அன்றைக்கு ஐந்தாறு வளைவு ஏறியிருப்போம். "இன்னாங்க, மெதுவாப் போங்க. பாப்பா தூங்குறா" என்றாள் மனைவி.

கண்ணாடியில் பார்த்தேன். பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

"இன்னாம்மே சொல்ற?"

"அவளுக்குக் குளுருது. கண்ணாடிய ஏத்துங்க."

எனக்குப் பயம் இல்லை. சாமி எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வண்டியை ஓரங்கட்டி, நாலு கண்ணாடியையும் நானே ஏற்றினேன்.

மேலே போய் இறங்கினால் அவளுக்குத் தலைவலி, வாந்தி. எனக்கும் தலை கனக்கும். மலைப்பாதை என்றால் அப்படித்தான் என்று விட்டேன். அடுத்த வாரமும் பாப்பா வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். மனைவி ஒரு சின்னப் போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தாள்.

நாலாவது வாரம் வெள்ளிமலையில் பின்கதவைத் திறந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. உலுக்கினேன், கன்னத்தில் தட்டினேன். போர்வையைக் கட்டிப் பிடித்தபடி தலை தொங்கியது. என் சத்தம் கேட்டு ஒரு ஜீப் டிரைவர் ஓடி வந்து அவளைத் தூக்கி டீக்கடை பெஞ்சில் கிடத்தினார். காருக்குள் தலையை விட்டவர் இருமிக்கொண்டே வெளியே வந்தார்.

"யோவ், சைலன்சர் பொகையா உள்ள இருக்குது! இதுல கண்ணாடிய மூடிக்கினு வந்தியா? மனுசனாய்யா நீ?"

எனக்கு ஊதுபத்தி வாசனைதான் தெரிந்திருந்தது.

அவர் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம் கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் கையால் தடவிப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளை விட்டுவிட்டு, மலையில் நின்ற காரைக் கட்டி இழுத்து வந்து மெக்கானிக்கிடம் விட்டேன். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பல்லி சத்தம் வந்தது.

"எத்தினி நாளா இப்பிடிக் கத்துது?"

"ஒரு வருசமாங்க. பல்லி சொல்லுதுன்னு நெனச்சேன்."

"பல்லியா? நல்ல வேளை, அதுக்குப் பலன் பாத்துக்கினு எங்கிட்ட வந்து ஜாதகம் கேக்காம இருந்தீங்களே."

ஈரச் சாக்கை மடித்துப் பின்னால் புகைக் குழாய் வாயை ஒரு நொடி அழுத்தி அடைத்தார். பின் சீட்டுக்கு அடியில் அந்த மூச்சு ஓங்கிக் கேட்டது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவர் சீட்டைக் கழற்றி, தரை விரிப்பை உரித்தார். தகடு துருப்பிடித்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. சுற்றிலும் கரி.

"கீழ குழாய் சேர்ற எடத்துல பொக வராம அடைக்கிற பேக்கிங் எரிஞ்சி போச்சி. வண்டி ஆறி இருக்கச்சொல்ல அந்த இடுக்குல டிக்கு டிக்குனு கேக்கும். சூடானா குழாய் விரிஞ்சி அடங்கிப்பூடும். மேடு ஏறச்சொல்ல அழுத்தம் ஜாஸ்தியாயி மறுபடியும் ஊதும். அந்தப் பொகையில மொதல்ல தலை சுத்தும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், அப்புறம் ஆளே போயிடும்."

அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

வீட்டில் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். ஓட்டையைச் சொன்னேன், புகையைச் சொன்னேன். இல்லாதது தெரியும் என்று அவர் சொன்னதைச் சொல்லவில்லை. ஆனால் அவள் கெட்டிக்காரி.

"அப்போ வந்தது அவ இல்லியா?"

"பொக வேற, அவ வேற" என்றேன்.

"சத்தியமா?"

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் கையை வைத்து, "சத்தியமா" என்றேன்.

அவள் எழுந்து வந்து கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சோறு வடிக்கப் போனாள். நான் செய்தது பொய்ச் சத்தியமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தினமும் கும்பிடும்போது மன்னிப்புக் கேட்கிறேன். எதற்கு என்று சாமியிடம்கூடச் சொல்லத் தெரியவில்லை.