சில்லுப் பூட்டிய சீதன வீடு

மகள் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, கறள் பிடித்த பழைய வான் வண்டி ஒன்றை வெட்டி, ஒட்டி, பெயின்ற் பூசி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து அதிலேயே குடியிருக்கிறாளாம்.

"அப்பா, இஞ்ச பாருங்க, வானுக்குள்ள வீடு! எப்பிடிப் புதுசா யோசிச்சிரிக்காங்க!"

புதுசாம். குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி வனிதாதான், "கொப்பாவும் நானும் கலியாணம் முடிச்சு எதுக்குள்ள இருந்தம் எண்டு கேளு புள்ள" என்று சத்தம் போட்டாள். பிள்ளை கேட்கவில்லை, அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டாள். கேட்க ஆளில்லாத கதை ஆளைத் தேடித் திரியும். ஆகவே நீங்கள் அகப்பட்டீர்கள்.

அந்த வீடியோவில் இல்லாத ஒன்று மணம். கிரைண்டர் கறளைத் தின்னும்போது தொண்டை வரைக்கும் இறங்குகிற இரும்பு மணம், அதற்கு மேலே கருகும் பழைய பெயின்ற், அதற்கும் மேலே ஓட்டைகளை மூடப் பூசுகிற பட்டியின் நெடி. களுவாஞ்சிக்குடியில் ஒரு கராஜில் நான் வெல்டிங் வேலை செய்த காலத்தில் என் சோற்றிலும் அதே மணம்தான். வெல்டிங்காரன் என்று நானே சொல்லிக்கொள்வேன். கராஜ் முதலாளியை நாங்கள் பாஸ் என்போம். அவர் என்னை வெல்டிங்காரன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஒருநாள் காலை அந்தக் கராஜுக்குள் ஓர் உழவு இயந்திரம் வந்தது. அதன் பின்னால் கயிற்றில் கட்டி இழுபட்டு ஒரு வான் வந்தது. வான் என்று சொன்னது மரியாதைக்கு. அடித்தகடு முழுக்க உக்கிப்போய், உள்ளே நின்றால் ரோட்டைக் காலால் தொடலாம். ஆனால் கட்டில் இருந்தது, சின்ன அலுமாரி இருந்தது, கை கழுவத் தொட்டிகூட இருந்தது. ஸ்டியறிங்கைப் பிடித்தபடி, ஊர்வலத்தில் வருகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் ஒரு மனிதர். அவரைக் கண்டதும் நான் வெல்டிங் கண்ணாடியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். வனிதாவின் அப்பா, பின்னாளில் என் மாமா.

காரணம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பது பெண்ணைப் பெற்றவர் பாடு. வனிதாவுக்கும் எனக்கும் பேச்சு வந்து, இரண்டு பேருக்கும் மெத்தப் பிடித்து, எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது என் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி. என்ட மகன் போய் இரிக்கிற வீடு எங்க?"

வீடு இல்லை. மாமாவிடம் இருந்த ஒரே வீடு மூத்த மகளுக்குச் சீதனமாய்ப் போய்விட்டது. இளையவளுக்கென்று தேற்றாத்தீவில் வாவிப் பக்கத்து வளவுக் காணியில் வீட்டு வேலை தொடங்கிய வருடம், வெல்லாவெளி வயல் வட்டையில் மாமா செய்த வேளாண்மை வெள்ளத்தோடு போனது. வீடு கதவு நிலையோடு நின்றுவிட்டது. நிலை என்றால் வெறும் மரச்சட்டம்தான், சுவரே இல்லை. ஐயரைக் கூப்பிட்டுப் பூசையெல்லாம் செய்த அந்த நிலை, ஒரு மாமரத்தில் சாய்ந்து மஞ்சள் குங்குமத்தோடு வருடக்கணக்காய் நின்றது. "வீடில்லாத இடத்தில என்ன கலியாணம்" என்று அம்மா பேச்சை முடித்துவிட்டார். நான் சோறு இறங்காமல் திரிந்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், கிரைண்டர் சத்தத்துக்குள் அழுதிருக்கிறேன். கராஜில் அழுகிறவனுக்கு அது ஒரு வசதி.

இனி வானுக்கு வருவோம். முன்னொரு காலம் கடற்கரைக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருவன், எஞ்சின் செத்ததும் அதை மாமாவின் வளவில் விட்டு, "நீயே வச்சுக்கொள்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குள் கோழி அடைகாத்தது. மாமா அதைப் பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்.

"பாஸ், இத வீடாக்கித் தாங்க" என்றார்.

பாஸ் வானைச் சுற்றி ஒருதரம் நடந்தார். "அண்ணன், இது கறள். நடுவுல நடுவுலதான் வான் இரிக்கி."

"இரிக்கிறது போதும். கட்டில் இரிக்கி, குசினி இரிக்கி. நிலைய மட்டும் நான் கொண்டுவாறன்." பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, கண்ணாடியக் கழட்டுங்க. உங்களுக்குத்தான் வீடு" என்றார்.

இப்படியாக என் சீதன வீட்டை நானே ஒட்டத் தொடங்கினேன். உக்கிய தகட்டை வெட்டி எறிவேன், எண்ணெய்ப் பீப்பாயை விரித்துப் புதுத் தகடு வெட்டுவேன், புள்ளி புள்ளியாய் ஒட்டிப் பிடித்து, தட்டி நேராக்கி, முழுக்க ஒட்டுவேன். கறள் சும்மா விடுமா? ஓர் ஓட்டையை மூடப்போனால் சூட்டில் பக்கத்தில் இன்னொன்று திறந்துகொள்ளும். பாஸ் எட்டிப் பார்த்து, "நீ வீடு கட்டுறியா, சல்லடை கட்டுறியா?" என்பார்.

நிலை வந்த அன்றுதான் உண்மையான கூத்து. அது ஆள் நிமிர்ந்து போகும் நிலை. வானின் உயரம் அதன் கழுத்துக்குத்தான் வந்தது. நிலையை வெட்டலாம் என்றேன். மாமா என்னைக் கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பூசை செய்த நிலையில் வாள் வைப்பதா? ஆகவே வானை வெட்டினோம். கூரையைக் கிழித்து, நிலை நிற்கிற இடத்தில் மட்டும் தகடு உயர்த்தி ஒட்டியதில் வானுக்கு மாட்டுக்குப் போல ஒரு திமில் வந்தது. மரத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் என்பதால் நிலைக்கு ஈரச்சாக்குப் போர்த்தி, வனிதா வாளியோடு காவல் நின்றாள். எங்கள் காதல் வளர்ந்தது அந்த வாளித் தண்ணீரில்தான். ஒருதரம் நெருப்பு பிடித்தபோது அவள் நிலையை விட்டுவிட்டு என்மேல் ஊற்றினாள். கரண்ட் வயரோடு நின்ற என்மேல்! உயிர் தப்பியது, அந்த அன்பும் விளங்கியது.

பெயின்ற் அடித்து முடிய, "பிரேக் பாக்கிறதா?" என்று பாஸ் கேட்டார்.

"வீட்டுக்கு என்னத்துக்கு பிரேக்?" என்றார் மாமா.

ஆனால் சில்லைக் கழற்றவும் விடவில்லை. காற்றடித்து, துடைத்து, கறுப்புப் பூசி வைத்தார். எஞ்சினை மெல்ல மெல்லப் பார்க்கலாமாம். அறுவடைக் காலத்தில் வெல்லாவெளி வட்டைக்கு அதை ஓட்டிப் போய், உள்ளே படுத்துக் காவல் இருக்க அவருக்கு ஆசை. மகளின் சீதன வீட்டில் வேளாண்மைக் காவல்! வானை வளவுக்கு இழுத்துப் போய் நிறுத்திய அன்று, வாசல் மேற்கே பார்க்கிறதே என்று நான் கேட்டதற்கும் பதில் வைத்திருந்தார்: "எந்தப் பக்கம் வேணுமோ அந்தப் பக்கம் கிறுக்கித் திருப்பலாம் தம்பி. எந்த வீட்டுக்கு இந்த வசதி இரிக்கி?"

அம்மா ஒரு காலை வேளையில் வீடு பார்க்க வந்தார். அவர் திமிலைப் பார்த்தார், நிலையைத் தொட்டுக் கும்பிட்டார், உள்ளே ஏறிக் கட்டிலில் அமர்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "தேத்தண்ணி போடு புள்ள" என்று மாமா வனிதாவிடம் பதறினார். உள்ளே இருந்த அடுப்பு பத்த மாட்டேன் என்றது. வெளியே கல் வைத்து மூட்டலாம் என்றால் மூன்று கல் வேண்டும், வளவில் இரண்டுதான் கிடந்தன. மாமா அங்குமிங்கும் ஓடி, மூன்றாவதை எங்கிருந்தோ எடுத்து வந்து வைத்தார்.

அது சில்லுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்.

வளவு வாவியை நோக்கிச் சரிவு. வான் சத்தமே இல்லாமல் புறப்பட்டது. நான் ஒட்டிய தகடு ஒன்றுகூடக் கிலுங்கவில்லை, அந்த நேரத்திலும் எனக்கு அதில் ஒரு பெருமை. முதலில் கண்டது மாமா.

"தம்பி! வீடு போகுது!"

நாங்கள் மூவரும் பின்னால் ஓடினோம். அம்மா யன்னலால் தலையை நீட்டி, "ஏன் ஓடுறீங்க?" என்று கேட்டார். நாங்கள்தான் ஓடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்! வான் ஒரு தென்னையில் பக்கவாட்டாய் இடித்து, அப்படியே கிறுகித் திரும்பி, ஈர மணலில் சில்லுப் புதைந்து நின்றது.

கலியாணம் வாவிக்குள் போய்விட்டது என்றே நினைத்தேன். வனிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள், பெரியவர்கள் நிற்கிறார்கள் என்றும் பாராமல். அம்மா நிலையைத் தாண்டி இறங்கினார், கையில் பாதி வாழைப்பழம். சூரியன் நேரே அவர் முகத்தில் அடித்தது. வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பதான் வாசல் கிழக்க பாக்குது" என்றார். "வீடு நல்லாத்தான் இரிக்கி, சம்மந்தி. ஆனா நிக்குதில்லயே. சில்லக் கழட்டிப்போட்டு நாளப் பாருங்க."

சம்மந்தி என்று சொல்லிவிட்டார்! நான் துள்ளினேன். மாமா துள்ளவில்லை. ஓரமாய்ப் போய்க் குந்தி, தானே ஒவ்வொரு சில்லாய்க் கழற்றினார். எவரையும் கிட்ட விடவில்லை. "வீடெண்டா நிக்கத்தானே வேணும்" என்று தனக்குத்தானே சொன்னார். அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கஷ்டம்.

கழற்றிய பிறகு ஒரு நிபந்தனை போட்டார். முன் சீற் இரண்டும் சீதனத்தில் சேராது. அதுபடியே பின்னேரங்களில் வந்து ஸ்டியறிங்குக்கு முன்னால் உட்காருவார். நானும் வனிதாவும் பின்னால் குடும்பம் நடத்துவோம், அவர் முன்னால் வெல்லாவெளிக்கு ஓட்டிக்கொண்டிருப்பார். அம்மா எங்களைப் பார்க்க வந்தால் பக்கத்து சீற்றில் ஏறிக்கொள்வார். அந்த வான் எங்கள் வளவில் ஓடிய ஒரே ஓட்டத்தில் இருந்தவர் அவர் மட்டும்தானே. அதனால் மாமா சலிக்காமல் கேட்பார்.

"எப்பிடி சம்மந்தி ஓடிச்சு?"

"அதையேன் கேக்கிறீங்க. காத்துப் போல ஓடிச்சு."

வருடம் போகப் போக அம்மாவின் வாயில் அந்த ஓட்டம் நீண்டது. தென்னை வரைக்கும் ஓடியது பிறகு களுவாஞ்சிக்குடிச் சந்தை வரைக்கும் போனது. கடைசிக் காலத்தில் அம்மா வெல்லாவெளி வட்டைக்கே போய், வரம்பில் இறங்கி, கதிர் பார்த்துவிட்டு வந்திருந்தார். மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

வாவிக் காற்றுக்கு எந்தப் பெயின்றும் நிற்காது. ஒட்டினேன், உக்கியது, மேலே ஒட்டினேன், அதுவும் உக்கியது. கடைசியில் அதைச் சுற்றிக் கல்வீடு எழுப்பினோம். பிள்ளைக்கு விவரம் தெரியுமுன்னே வான் வீட்டுக்குள்ளேயே பொடியாகிக் கரைந்தது, கூட்டி அள்ளினோம். மிஞ்சிய நிலை வாசலில் நிற்கிறது, கிழக்கே பார்த்தபடி. மாமா போனார், அடுத்த மாரிக்குள் அம்மாவும் போனார். முன் சீற் இருந்த இடம் இப்போது வெறும் சீமெந்து நிலம். வாவிக் காற்று நன்றாக வரும், ஆனாலும் நாங்கள் அங்கே உட்காரக் கதிரை போடுவதில்லை.

மகள் இன்னும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளைக்காரப் பிள்ளையின் வான் ஏதோ மலைப்பாதையில் ஏறுகிறது. எங்கள் வான் எப்படி ஓடியது என்று கேட்கிறவரும் இல்லை, சொல்கிறவரும் இல்லை.