பொன்னுத்தங்கம் அடிக்காத தந்தி

பசை காய்ச்சுவது பொன்னுத்தங்கத்தின் வேலை. மைதாவைக் கட்டி விழாமல் கரைத்து, மயில்துத்தத்தைப் பொடித்துப் போட்டு, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். துத்தம் போடாவிட்டால் எலியும் கரப்பானும் குழாயை அரித்துவிடும். காய்ச்சிய பசையை நடுவில் வைத்துக்கொண்டு அவளும் மாமியார் முருகம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்து வெடிக்கான காகிதக் குழாய்களை உருட்டுவார்கள். வெறும் குழாய் என்பதால் வீட்டில் வைத்து உருட்டலாம். மருந்து அடைப்பதெல்லாம் கம்பெனியில்தான்.

அந்தக் கம்பெனியில் மருந்து கலக்குகிற அறையில்தான் முருகம்மாளின் மூத்த மகன் கதிரவன் கருகிப் போனான். அது நடந்த மறுவருஷம்தான் பொன்னுத்தங்கம் காரியாபட்டிப் பக்கமிருந்து இளையவன் அன்பரசனுக்கு வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்தாள். அவள் வரும்போது அண்ணன் பார்த்த அதே வேலையைத் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் அவன் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வரும்போது கையிலும் கழுத்திலும் அலுமினியப் பொடி மினுங்கும். புதுப்பெண் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவன் சட்டையைத் தனியாக ஊறவைத்து, தனியாகத் துவைத்து, தனியாகக் காயப்போட்டாள். இவனை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கல்யாணமான முதல் மாதத்திலேயே முடிவு செய்துவிட்டாள்.

வழி பேப்பரில் வந்தது. எல்லைக் காவல் படைக்கு ஆள் எடுக்கிறார்கள், கல்யாணமானவனும் போகலாம் என்று படித்தாள். பத்தாவது வரை படித்தவள் என்பதால் மனுவை அவளே நிரப்பினாள். அதன் பிறகு விடிந்ததும் விடியாததுமாக அன்பரசனை எழுப்பிக் கண்மாய்க் கரையில் ஓடவிட்டாள்.

"என்ன அன்பு, பொண்டாட்டி வெரட்டுறாளா?" என்று வெளிக்கிருக்கப் போகிறவர்கள் கேட்பார்கள்.

"ஆமாண்ணே. நின்னா அடி விழும்," என்று சொல்லிக்கொண்டே அவன் ஓடுவான்.

அவன் தேறிவிட்டான். இரண்டாயிரத்து மூன்று தைப்பொங்கல் முடிந்த கையோடு, தகரப்பெட்டியுடன் விருதுநகர் ஜங்ஷனில் ரயில் ஏறினான். ராஜஸ்தான் பக்கம் ஒரு வருஷப் பயிற்சி. அது மிலிட்டரி இல்லை, வேற படை என்று அவன் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தான். ஊர் மிலிட்டரி என்றே வைத்துக்கொண்டது. பொன்னுத்தங்கம் மிலிட்டரிக்காரி ஆகிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் அங்கே போன் பேச விடுவார்கள். செல்போனெல்லாம் அப்போது ஊரில் ஒன்றிரண்டு பேரிடம்தான் இருந்தது. அய்யாதுரை பலசரக்குக் கடைப் போனுக்கு அன்பரசன் கூப்பிடுவான். கடையிலிருந்து அய்யாதுரை ஒரு குரல் கொடுத்தால் வீட்டுக்குக் கேட்கும். முதல் சில வாரம், மணல், வெயில், வாயில் நுழையாத இந்தி என்று கதை சொன்னான். பிறகு கதை குறைந்தது. சித்திரையில் ஒருநாள் கதையே இல்லை.

"தங்கம், என்னால முடியல," என்றான். "காலெல்லாம் கொப்புளம். ரொட்டி எறங்கல. பயிற்சி குடுக்குற வஸ்தாது என்ன சொல்லுதான்னு புரியுறதுக்குள்ள திட்டு விழுந்துருது."

"காலுக்கு வேப்பெண்ணெ தடவுனீகளா?"

"நான் என்ன சொல்லுதேன், நீ என்ன சொல்லுத? அம்மாவுக்கு ரொம்ப முடியலன்னு ஒரு தந்தி அடி. இங்கன பாதிப்பேரு அப்படித்தான் ஊருக்குப் போறான். லீவு கொடுத்துருவாக."

"லீவுல வந்துட்டுத் திரும்பிப் போவீகளா?"

"மொதல்ல நீ தந்திய அடி," என்றான். அய்யாதுரை துவரம்பருப்பு நிறுப்பதுபோல் தராசைப் பிடித்துக்கொண்டிருந்தார். தட்டில் பருப்பே இல்லை.

"அப்ப நான் அடிக்க மாட்டேன் மச்சான்," என்றாள் பொன்னுத்தங்கம். "வேப்பெண்ணெ கெடைக்காட்டி தேங்காண்ணெயாச்சும் தடவுங்க."

அடுத்து முருகம்மாள் போனை வாங்கினாள். மகன் அழுவதைக் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் அவளும் அதையே சொன்னாள்.

"புள்ள அழுவுதான். ஒரு தந்தி அடிச்சா என்ன கொறஞ்சு போச்சு?"

"வந்தாருன்னா போக மாட்டாரு அத்தை. திரும்ப மருந்து ரூம்தான்."

"எல்லாருக்குமா அப்படி நடக்கு? ஊரே அதுலதான் கஞ்சி குடிக்குது."

பொன்னுத்தங்கம் பேச்சை அங்கேயே விட்டுவிட்டாள். மாமியார் விடவில்லை. அவன் நல்லபடியாக வந்து சேர்ந்தால் இருக்கன்குடிக்கு முடி இறக்குவதாக நேர்ந்துகொண்டாள். சாமியை மட்டும் நம்பிக்கொண்டிராமல், சாத்தூரில் இருந்த தன் தம்பி மாரிசாமிக்கும் சொல்லி அனுப்பினாள். மருமகளுக்கு இது எதுவும் தெரியாது.

தெரிய வந்தது ஏட்டு சீனிவாசகத்தின் மூலம்தான். அன்று அவர் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்.

"அன்பரசன் வீடு இதானேம்மா? அவுக அம்மா சாகக் கெடக்காகன்னு சாத்தூர்லருந்து மாரிசாமிங்கிற பேருல தந்தி போயிருக்கு. நெசமான்னு பாத்து எழுதச் சொல்லியிருக்காக."

பொன்னுத்தங்கம் திரும்பிப் பார்த்தாள். ஒரு நிமிஷத்துக்கு முன்பு எதிரே உட்கார்ந்து குழாய் உருட்டிக்கொண்டிருந்த மாமியாரைக் காணோம். உள்ளே பாயில் ஒரு கம்பளி மட்டும் நீளமாகக் கிடந்து முனகியது.

ஏட்டு எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இந்த வெக்கையில கம்பளியா?"

"குளுருதுய்யா," என்றது கம்பளி.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தார். பொன்னுத்தங்கம் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தாயி, நானும் புள்ள பெத்தவன்தான். சீரியஸ்னு ஒரு வரி எழுதுனா பையன் ஒடனே வந்துருவான். பொய்த் தந்தின்னு எழுதுனா அவனத்தான் அங்கன நிக்க வச்சுக் கேப்பாக. நான் என்ன எழுதட்டும்?"

உள்ளே முனகல் நின்றிருந்தது.

பொன்னுத்தங்கம் கையிலிருந்த பசையைப் பழந்துணியில் துடைத்தாள். விரலிடுக்கு வரைக்கும் துடைத்தாள்.

"அத்தைக்குக் காய்ச்சல் அடிச்சது நெசம் சார். அவுக தம்பி பயந்துபோய்த் தந்தி அடிச்சிட்டாரு. இப்ப எந்திரிச்சுக் கஞ்சி குடிக்காக. அவரு வர வேண்டியதில்லன்னு எழுதுங்க."

"வர வேண்டியதில்ல?"

"ஆமா சார்."

"உள்ள ஒரு வார்த்த கேட்டுக்கிடுதியா?"

"நானும் இந்த வீடுதான் சார்."

ஏட்டு அவளை ஒருதரம் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார். வண்டிச் சத்தம் தேயும் முன்பே கம்பளி பறந்து மூலையில் விழுந்தது.

"ஒருத்தனத் தீக்குக் குடுத்தேன். இவனத் துப்பாக்கிக்குக் குடுக்கணுமா? ஒனக்கு நெஞ்சுல என்னதான் இருக்கு?"

"அங்கன துப்பாக்கி அவரு கையில இருக்கும் அத்தை. மருந்து ரூம்ல அவரு கையில என்ன இருக்கும்?"

முருகம்மாள் அன்றைக்கே அடுப்பைப் பிரித்தாள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு உலை கொதித்தது. குழாய் உருட்டும்போதும் மருமகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பசையையும் தனியாகக் காய்ச்சிக்கொண்டாள். மருமகள் வந்த பிறகு கரண்டி பிடிக்காத கை என்பதால் கட்டி கட்டியாக வந்தது. அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் பொன்னுத்தங்கம் அதை ஒரு பழைய சேலைத்துணியில் வடிகட்டி, இருந்த இடத்தில் வைத்தாள். திரும்பி வந்தவள் சட்டியைப் பார்த்தாள். அந்தப் பசையில்தான் உருட்டினாள்.

விசாரிக்க வந்த மாரிசாமிக்கு மட்டும் குறை தீரவில்லை. "நான் சீரியஸ்னு போட்டதுதான் தப்பு அக்கா. நீ செத்துட்டன்னு போட்டிருந்தா யாரும் விசாரிச்சிருக்க மாட்டாக," என்றார். அக்காள் விளக்குமாற்றைத் தேடினாள்.

அன்பரசனுக்குச் சேதி எப்படியோ போய்விட்டது. அவன் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டான். பொன்னுத்தங்கம் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு போய் அய்யாதுரை கடை அரிசி மூட்டையில் உட்கார்ந்துகொள்வாள். கடைக்கு வருகிற பெண்கள் சும்மா போக மாட்டார்கள்.

"என்ன மிலிட்டரிக்காரி, லைன் கெடைக்கலையா?"

"லைனு நல்லாத்தான் இருக்கு. ஆளுதான் கோவமா இருக்காரு."

"நீ உக்காந்திருக்கதப் பாத்தா எங்கடைப் போனுக்கே வெக்கமா இருக்கு தாயி," என்பார் அய்யாதுரை.

அவளும் சிரித்துக்கொள்வாள். கடையை அடைக்கும் நேரத்தில் எழுந்து போவாள். வேறு வேலைகளும் அவளை விடவில்லை. ஆனியில் அடித்த காற்றில் கூரைத் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. ஆள் தேடாமல் அவளே ஏறிக் கல் வைத்து அமுக்கினாள். இனி அவன் முகம் கொடுத்துப் பேசாமலே போய்விடுவானோ என்கிற நினைப்பு மட்டும் எந்த வேலைக்கும் அடங்கவில்லை. வெறுக்கட்டும், உயிரோடு இருந்து வெறுக்கட்டும் என்று ஒருநாள் துணி துவைக்கும்போது வாய்விட்டே சொன்னாள். சொன்ன பிறகு பயமாகத்தான் இருந்தது. மிச்சத் துணியையும் துவைத்துப் பிழிந்து போட்டுவிட்டுத்தான் வந்தாள்.

ஆவணியில் தீபாவளி ஆர்டர்கள் குவிந்தன. கம்பெனி போர்மேன் முத்துக்கருப்பன் வீடு தேடி வந்தார்.

"அன்பு எப்ப வாரான்? அவன் எடத்த யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன். சீசன்ல கைப்பழக்கம் உள்ள ஆள் இல்லாம திண்டாடுதோம்."

முருகம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மோர் கொடுத்தாள். மருமகளுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "எம்மவனுக்கு ஒரு எடம் இருக்குன்னு நெனைக்க வெளியாளு இருக்காக. நாளைக்கு நானே வந்து மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லிக்கிடுதேன்."

மறுநாள் காலை நல்ல சேலை கட்டிக்கொண்டு கம்பெனி வேனில் போனாள். கதிரவன் போன பிறகு அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை. உச்சி வெயிலுக்குள் திரும்பிவிட்டாள். வேனில் வரவில்லை. அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருந்தாள்.

பொன்னுத்தங்கம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முருகம்மாள் அதை வாங்கிக் காலில் ஊற்றிக்கொண்டாள்.

"மொதலாளியப் பாத்தீகளா?"

"கதிரவன் இருந்த ரூமுக்கு வெள்ளையடிச்சிருக்காக," என்றாள் முருகம்மாள். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "புதுக் கதவு போட்டிருக்காக. முத்துக்கருப்பன் தெறந்து காட்டுனாரு, இங்கனதான் அன்பு நிப்பான்னு," என்றாள்.

அன்றைக்கு இருவர் பசையையும் பொன்னுத்தங்கமே காய்ச்சினாள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசி மூட்டையில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பக்கத்திலேயே போன் அடித்தது. எடுத்தாள்.

"அம்மாவக் கூப்பிடு," என்றான் அன்பரசன்.

"நல்லாயிருக்கீகளா மச்சான்?"

"அம்மாவக் கூப்பிடு தங்கம்."

குரல் மாறியிருந்தது. கொஞ்சம் கனத்திருந்தது. பேரைச் சொன்னானே என்பதை அப்போதைக்கு வைத்துக்கொண்டு, மாமியாரை அழைத்து வந்து கையில் கொடுத்துவிட்டுக் கடைக்கு வெளியே போய் நின்றாள். முருகம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசினாள். சாப்பிட்டாயா என்று கேட்டது காதில் விழுந்தது. பிறகு ரொம்ப நேரம் ம் கொட்டினாள். கடைசியில் ஏதோ ஒன்றை மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். முருகம்மாள் நேராக உள்ளே போய், அடுக்கி வைத்திருந்த குழாய்களை லோடுக்குக் கட்டத் தொடங்கினாள். பொன்னுத்தங்கம் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன கேட்டாரு அத்தை?"

"வேலையத்தான் கேட்டான். இன்னும் மூணு மாசத்த ஓட்ட முடியுமான்னு தெரியலயாம். முத்துக்கருப்பன் எடம் வச்சிருக்காருன்னா இப்பவே பெட்டியக் கட்டிருவேங்கான்."

"நீங்க என்ன சொன்னீக?"

முருகம்மாள் சணலைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"வேற ஆளப் போட்டுட்டாகன்னு சொன்னேன். எடம் இல்ல, அங்கனயே இருந்து முடின்னு சொன்னேன்."

முந்தின நாள் சாயங்காலம்கூட முத்துக்கருப்பன் வேனை நிறுத்தி அன்பரசனை விசாரித்துவிட்டுப் போயிருந்தார். மாமியாரும்தான் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அத்தை, அந்த எடம் இன்னும் காலியாத்தான இருக்கு?"

முருகம்மாள் குழாய்க் கட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து, மருமகளைக் கடந்து வெளியே போனாள்.