இருவர் மாடம்

சூ-சிங் ஊராட்சி அலுவலகத்தில் மூன்றாம் எண் சன்னலில் உட்காருபவள். பிறந்தவர்களுக்கும் மணமானவர்களுக்கும் வேறு அலுவலகம் இருக்கிறது. இவளிடம் வருகிறவர்கள் எல்லாம் செத்தவர்களுக்காக வருகிறவர்கள். ஊருக்கு வெளியே, மீன் குளங்கள் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில், ஊராட்சி கட்டிய ஏழடுக்கு அஸ்திக் கோபுரம் நிற்கிறது. அதில் அஸ்திக் கலயம் வைக்கும் மாடங்களில் எது யாருக்கு என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. இருபத்தாறு வருடங்களாக அதைச் செய்துவந்தாள். குரலை உயர்த்த மாட்டாள். அழுகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பாள். யாருக்காகவும் வரிசையை மாற்ற மாட்டாள்.

காலி மாடங்கள் வரிசைப்படிதான் போகும். உயிரோடு இருப்பவர்கள் முன்கூட்டிப் பிடித்து வைக்க முடியாது. ஒரே விலக்கு, ஐந்தாம் அடுக்கில் இருந்த இருவர் மாடங்கள். தம்பதியில் ஒருவர் முதலில் போனால், மற்றவருக்குப் பக்கத்தில் இடம் விட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கதவு போட்டு மூடுவார்கள். அதற்குக் குடும்பப் பதிவேட்டின் நகல் வேண்டும். அதில் ‘வாழ்க்கைத் துணை’ என்று எழுதியிருக்க வேண்டும்.

சூ-சிங்கின் பதிவேட்டில் இரண்டு பெயர்கள் இருந்தன. குடும்பத் தலைவி சூ-சிங். அடுத்தது பாவ்-யே. உறவு என்ற கட்டத்தில், ‘உடன் தங்குபவர்’.

அப்படித் தங்கி இருபத்திரண்டு வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டின் முன்னறையில் பாவ்-யே முடி திருத்தும் கடை வைத்திருந்தாள். சூ-சிங் ஒரு நாள் முழுக்கப் பேசுவதைப் பாவ்-யே ஒரு தலையைக் கழுவி முடிப்பதற்குள் பேசிவிடுவாள். ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் அவளிடம்தான் சுருள் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். வாய்விட்டு மட்டும் யாரும் சொன்னதில்லை. ‘ஒருத்திக்கு ஒருத்தி துணையா இருக்காளுங்க’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அந்த வருட வசந்தத்தில் பாவ்-யேவின் ஈரலில் கட்டி இருப்பது தெரிந்தது. அடுத்த கோடையைப் பார்ப்பது கடினம் என்று மருத்துவர் சொன்னார். வீடு திரும்பும் வழியில் பாவ்-யே சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஊர் எல்லையில் கோபுரம் தெரிந்ததும் வாயைத் திறந்தாள்.

“அஞ்சாவது மாடியில நமக்கு ஒண்ணு பாத்து வையி. கடல் பக்கம் வேணாம். உப்புக் காத்துல முடி சிக்காயிடும்.”

“அதுக்குப் பதிவேட்டுல...”

“தெரியும்டி. நீயே உன் சன்னல்ல போய் நின்னாலும் உன்னை நீயே திருப்பி அனுப்பிடுவே.”

சூ-சிங் சிரித்தாள். பிறகு வீடு வரும்வரை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வழி ஒன்று இல்லாமல் இல்லை. இரு பெண்களோ இரு ஆண்களோ மணம் செய்துகொள்ள இரண்டு வருடத்துக்குள் வழி செய்ய வேண்டும் என்று அரசியல் சாசன நீதிபதிகள் முந்தைய ஆண்டு மே மாதமே தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கெடு முடிய அடுத்த ஆண்டு மே ஆகும். மருத்துவர் சொன்ன கெடு அதற்கு முன்னால் வந்து நின்றது. சட்டமன்றத்தில் இருப்பவர்களோ நவம்பர் தேர்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊராட்சித் தேர்தலோடு சேர்த்து மக்களிடம் பத்துக் கேள்விகள் கேட்கப்போகிறார்கள். அவற்றில் இந்தக் கல்யாண விஷயமும் உண்டு. மக்கள் சரி என்றால் புத்தாண்டுக்குள் சட்டம் வந்துவிடலாம், வேண்டாம் என்றால் கடைசி நாள்வரை இழுப்பார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனவே அந்த வருடம் பாவ்-யே காலண்டரில் ஒரே ஒரு நாளைத்தான் சிவப்பால் வட்டமிட்டாள். மருத்துவமனைக்குப் போகும் நாட்களைக்கூடக் குறிக்கவில்லை.

அந்தத் தேர்தலில் பாவ்-யேவின் அண்ணன் தியான்-ஃபூ ஊராட்சி உறுப்பினர் பதவிக்கு நின்றான். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவன். சிப்பிக் குளங்களை விற்று மூன்றாம் முறை நின்றதால், இந்த முறை தோற்றால் பெண்டாட்டி வீட்டில் சேர்க்க மாட்டாள் என்று ஊரே கேலி பேசியது. கோயில் முற்றத்தில் தகரப் பந்தல் போட்டு, பெரிய அண்டாவில் மீன் உருண்டைச் சாறும் வறுத்த சேமியாவும் நாள் முழுக்கக் கொதித்தபடி இருந்தன. உடம்புக்கு முடிகிற நாட்களில் பாவ்-யே அண்ணன் பெயர் அச்சடித்த மஞ்சள் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்து துண்டறிக்கை மடிப்பாள்.

ஒரு மதியம் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோன சூ-சிங், மடித்த அறிக்கை ஒன்றைச் சும்மா பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு ரோஜா நிறச் சீட்டு. மேலே அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் கைகோத்து நிற்கும் படம். கீழே பத்துக் கேள்விகளின் எண்களும், ஒவ்வொன்றுக்கும் எங்கே முத்திரை குத்த வேண்டும் என்ற குறியும். கேள்விகள் பத்து என்பதால் வாக்காளர்கள் சீட்டு எழுதி எடுத்துப்போவது அந்த வருடம் எங்கும் நடந்தது. கல்யாணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு, சம்மதம் என்று சீட்டு சொன்னது. எல்லோருக்கும் அதே கல்யாணச் சட்டத்தில் இடம் தரலாமா என்பதற்கு, சம்மதமில்லை.

பாவ்-யே காலையிலிருந்து அவற்றில் முந்நூறு மடித்து முடித்திருந்தாள்.

சூ-சிங் நேரே தியான்-ஃபூவிடம் போய்ச் சீட்டை நீட்டினாள். எதுவும் கேட்கவில்லை. அவன் அவளைப் பந்தலுக்குப் பின்னால் அழைத்துப் போனான்.

“தெரியாம வாங்கிட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன் தங்கச்சி. குடும்பத்தைக் காப்போம்னு ஒரு கூட்டம் வந்துச்சு. இதையும் சேத்துக் குடுத்தா எரநூறு ஓட்டு விழும்னாங்க. போன தடவ நான் தோத்தது நாப்பது ஓட்டுல.”

“பாவ்-யேதான் மடிக்கிறா.”

“அவள வந்து உக்காரச் சொல்லி நான் சொல்லல.” பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினான். “நாடு முழுக்க ஒரு கோடிப் பேர் போடப்போறாங்க. நம்ம ஊர் எரநூறு ஓட்டா அதைத் தூக்கிப் போடும்? எனக்குன்னா எரநூறுதான் உசுரு.”

அவன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. சூ-சிங் பாவ்-யேவிடம் வந்து, போகலாம் என்றாள். பாவ்-யே சீட்டை ஏற்கெனவே படித்திருந்தாள். அடுத்த அறிக்கையை எடுத்து, உள்ளே ரோஜாச் சீட்டை வைத்து, ஓரத்தை நகத்தால் நீவினாள்.

“என் அண்ணன்டி,” என்றாள். “அவன் தோத்தா மட்டும் என் ஈரல் சரியாயிடுமா?”

பாவ்-யேவின் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. படிப்பு கிடையாது. எண்கள் தெரியும். மகளுக்கும் சூ-சிங்குக்கும் இடையில் இருப்பது என்ன என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் ஒரு நாள் கடையில் சுருள் வைத்துக்கொண்டிருக்கும்போது, தானாகவே, இந்த ஓட்டு உங்க ரெண்டு பேருக்கும் உதவுமாமே, எப்படிப் போடணும் என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள். பாவ்-யே சீப்பைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். சூ-சிங்தான் காகிதத்தில் எண்களை எழுதிச் சொல்லிக்கொடுத்தாள். இதற்கு இல்லை என்று குத்த வேண்டும், இதற்கு ஆமாம் என்று குத்த வேண்டும்.

“ஆமான்னா நல்லது, இல்லன்னா கெட்டதுன்னு வெச்சா என்ன கேடு? இது என்ன கேள்வி, விலாங்கு மீனு மாதிரி வழுக்குது” என்றாள் கிழவி. காகிதத்தை நான்காக மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டாள்.

தேர்தல் அன்று சூ-சிங்குக்குத் தொடக்கப் பள்ளிக்கூடத்தில் வேலை போட்டிருந்தார்கள். கேள்விக்கு ஒரு வாக்குச் சீட்டாகப் பத்தையும் எண்ணிக் கொடுக்கும் மேசை அவளுடையது. வரிசை பள்ளி வாசலைத் தாண்டி மீன் சந்தைவரை நீண்டிருந்தது. முற்பகலில் கிழவி வந்தாள். நல்ல சட்டை போட்டு, முடியைப் படிய வாரியிருந்தாள். கையில் ஒரு சீட்டு.

ரோஜா நிறம்.

சூ-சிங் எழுதிக் கொடுத்த காகிதம் வெள்ளை.

கிழவி மேசைக்கருகே குனிந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி, “உங்களுக்காகத்தான் இவ்ளோ தூரம் நடந்து வந்தேன். தியான்-ஃபூவே அச்சடிச்சுக் குடுத்துட்டான் பாரு, தங்கச்சிக்காக. எவ்ளோ பெரிய மனசு” என்றாள். முகம் முழுக்கப் பெருமை.

மூன்றடி தள்ளித் தலைமை அலுவலராகப் பள்ளித் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார். வாக்காளரிடம் எப்படிக் குத்துவது என்று ஒரு சொல் சொன்னாலும் குற்றம். காலையில் எல்லோரும் நின்று அதற்கு உறுதிமொழி எடுத்திருந்தார்கள். ஒரு சொல் போதும். ‘அது இல்லம்மா’ என்றால் போதும். பின்னால் நின்றவர் செருமினார்.

“பத்து இருக்கும்மா,” என்றாள் சூ-சிங். “எண்ணிப் பாத்துக்குங்க.”

கிழவி விரலை எச்சில் தொட்டு எண்ணினாள். மறைப்புக்குள் போய் வெகுநேரம் நின்றாள். ஒவ்வொரு முத்திரையும் மரத்தில் விழும் சத்தம் கேட்டது. பொறுமையாக, ஒன்று விடாமல் குத்தினாள்.

மாலையில் பெட்டியைத் திறந்தார்கள். வாக்குச் சீட்டை ஒவ்வொன்றாக எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி தலைக்கு மேல் உயர்த்தி, உரக்கக் கூவ வேண்டும். பின்னால் சுவரில் ஒட்டிய தாளில் ஒருவர் கோடு போட்டுக்கொண்டே வருவார். கல்யாணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமா என்ற கேள்வியின் சீட்டுக் கட்டைக் கூவும் முறை சூ-சிங்குக்கு வந்தது. இருபத்தாறு வருடங்களில் சன்னலில் ஒரு நாளும் உயராத குரல் அது. “சம்மதம்,” என்றாள். அடுத்ததை எடுத்தாள். “சம்மதம்.” சன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவர்களில் பாவ்-யேவிடம் முடி வெட்டிக்கொள்ளும் பெண்களும் இருந்தார்கள். சிலர் அவளைப் பார்க்காமல் தாளைப் பார்த்தார்கள். எப்போதாவது ஒரு “சம்மதமில்லை” வரும்போது, அது யாராக இருக்கும் என்று அவளுக்கு ஓர் எண்ணம் ஓடும். ஒரு சீட்டில் முத்திரை சம்மதக் கட்டத்தின் நட்டநடுவில், துளியும் பிசகாமல், அவ்வளவு கவனமாகக் குத்தப்பட்டிருந்தது. அதை உயர்த்திப் பிடித்தபோது அவள் குரல் உடைந்தது. தலைமையாசிரியர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

மறுநாள் காலை கஞ்சி குடிக்கும்போது பாவ்-யே சொன்னாள், அம்மா நேற்றே வந்து எல்லாம் சொல்லிவிட்டாள் என்று.

“நீ என்ன சொன்னே?”

“நல்லாப் போட்டேம்மான்னேன். கையப் பிடிச்சு முத்தம் குடுத்தேன். நீயும் சொல்லிடாத.”

“நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“ஒரு ஓட்டுடி,” என்றாள் பாவ்-யே. ஆனால் கஞ்சியைக் குடிக்காமல் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

நாடு முழுவதும் முடிவு அப்படித்தான் வந்தது. தியான்-ஃபூ முப்பத்தோரு ஓட்டில் ஜெயித்தான். நன்றி சொல்லும் வண்டி பட்டாசு வெடித்துக்கொண்டு தெருவில் வந்தபோது பாவ்-யே சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கையசைத்தாள். அவன் வண்டியிலிருந்து இறங்கித் தங்கையின் முன்னால் இடுப்புவரை குனிந்து வணங்கினான். நிமிர்வதற்கு வெகுநேரம் ஆயிற்று.

புத்தாண்டு கழிந்து மார்ச் மாதத்தில் பாவ்-யே போனாள். பெற்றவருக்கு முன்னால் போன பிள்ளையைக் கடிந்துகொள்வதாகத் தாய் சவப்பெட்டியைக் கோலால் மூன்று முறை தட்ட வேண்டும். கிழவி ஒரு முறை தட்டினாள். பிறகு கோல் கையில் நிற்கவில்லை. இறுதிச் சடங்கு அறிவிப்பில் உறவினர் பெயர்கள் வரிசையாக அச்சாகியிருந்தன. சூ-சிங்கின் பெயர் நண்பர்களில் முதலாவது.

தகனம் முடிந்து தியான்-ஃபூ அலுவலகச் சன்னலுக்கே வந்தான்.

“ஊராட்சித் தலைவர்கிட்ட ஒரு வார்த்தை போட்டா போதும். அஞ்சாவது மாடியில குடுத்துடுவாங்க. நானே கேக்குறேன். உனக்காக இதாவது செய்யுறேன் தங்கச்சி.”

சூ-சிங் அன்று இரவெல்லாம் அதற்காக ஏங்கினாள். ஒரே கதவு. அதற்குள் அவளுக்கு விட்ட இடம். விடியும்போது அவளுக்கு ஒரு சிப்பி வியாபாரி நினைவுக்கு வந்தான். பதிவு செய்யாமல் முப்பது வருடம் ஒருத்தியோடு வாழ்ந்துவிட்டு, அவளுடைய அஸ்திக் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு இதே சன்னலில் கெஞ்சினான். விதியில் இடமில்லை என்று திருப்பி அனுப்பியவள் சூ-சிங்தான். காலையில் படிவத்தை எடுத்து, மூன்றாம் அடுக்கில் வரிசைப்படி வந்த ஒற்றை மாடத்தை எழுதினாள். விண்ணப்பதாரருக்கு உறவு என்ற இடத்தில் தியான்-ஃபூ ‘தங்கை’ என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

நீதிபதிகள் வைத்த கெடு முடியும் தறுவாயில், மே மாதம் சட்டம் வந்தது. முதல் நாளே நகரங்களில் பெண்களும் ஆண்களும் சோடி சோடியாகப் பதிவு செய்துகொண்டதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். செத்தவர்களைப் பதிவு செய்ய அதில் வழியில்லை. கிழவி அதைப் பார்த்துவிட்டு, நான் போட்ட ஓட்டு வீண் போகவில்லை, என்ன, கொஞ்சம் தாமதமாயிடுச்சு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சூ-சிங் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள்.

அதே வாரம் மீன் குளக்காரர் ஒருவர் இறந்து, அவர் மனைவி மூன்றாம் சன்னலுக்கு வந்தாள். பிற்காலத்தில் தன்னை மகன் வடக்கே கொண்டுபோய்விடுவான், அதனால் அவருக்கு ஒற்றை மாடம் போதும் என்றாள். கீழ் வரி நிரம்பி மேல் வரிக்குத் திரும்பியதில், வரிசையில் அடுத்ததாக இருந்தது பாவ்-யேவை ஒட்டிய மாடம். சூ-சிங் எண்ணை எழுதினாள். முத்திரையை மையில் ஒற்றினாள். கை அங்கேயே நின்றது.

“பக்கத்துல யாரு இருக்காங்க?” என்று கேட்டாள் அந்தப் பெண். எல்லோரும் கேட்பதுதான்.

“முடி திருத்துற பாவ்-யே.”

“ஐயோ, அவளா. என் கல்யாணத்துக்கு அவதான் கொண்டை போட்டா.” அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். “வாய் ஓயாதே அவளுக்கு. இவருக்குப் பொழுது போயிடும்.” பிறகு, அப்போதுதான் யார் முன்னால் நிற்கிறோம் என்று உறைத்தவளாகச் சன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். “நீ எங்கம்மா இருப்பே?”

“வரிசையில எது வருதோ அது” என்று சொல்லிவிட்டு சூ-சிங் முத்திரையைக் குத்தி, படிவத்தைச் சன்னல் வழியாக அவளிடம் நீட்டினாள்.