எழுபதுக்கு மேல் போகாத கை

எங்கள் வரலாற்றுத் துறையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் யாருக்கும் மார்க் போடுவதில்லை. எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை இது. எனக்குப் பாடம் நடத்தியவர்கள் அப்படித் திருத்தினார்கள், நானும் அப்படித் திருத்தினேன், என்னிடம் படித்துவிட்டு இப்போது என்னோடு வேலை பார்ப்பவர்களும் அப்படியே திருத்துகிறார்கள். எவ்வளவு நன்றாக எழுதிய விடையிலும் இன்னும் ஒரு பத்தி எழுதியிருக்கலாமே என்று ஓர் இடம் இருக்கும். அந்த ஒரு பத்திக்காக முப்பது மார்க்கைக் கையில் பிடித்து வைத்துக்கொள்வோம். அறுபது வாங்கியவன் துறைக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடப்பான். அறுபத்தெட்டு வாங்கியவளைப் பற்றி ஐந்து வருஷம் பேசுவோம். பக்கத்துக் கட்டடத்து வணிகவியல்காரர்கள் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று சர்க்கரைப் பொங்கல் மாதிரி அள்ளி வைப்பார்கள். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். அந்தச் சிரிப்பில் கர்வம் இருந்தது, மறைப்பதற்கில்லை.

திருச்சியில் ஒரு கல்லூரியில் நான் அந்தத் துறைக்குத் தலைவி. வீடு ஸ்ரீரங்கத்தில். இருபத்தெட்டு வருஷமாக ஒரே வழியில் பஸ்ஸில் போய் வருகிறேன். காவிரியில் தண்ணீர் வந்ததா இல்லையா என்று பாலத்தில் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள், நான் அப்போதும் விடைத்தாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் கல்லூரியில் நிர்வாகமே நேரடியாக வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களுக்கு வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். ஏப்ரல் வந்துவிட்டால் அவர்கள் முகமே வேறு மாதிரி ஆகிவிடும். முதல்வர் அறைப் பக்கம் போகும்போது செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. போன வருஷம் நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது. நெடுநாளாக ஒப்பந்தத்தில் இருக்கும் பத்துப் பேரை மதிப்பிடுவது, அதில் ஒன்பது பேரை நிரந்தரமாக்குவது, கடைசியில் வரும் ஒருவரை அனுப்பிவிடுவது. மதிப்பிட வேண்டியவர்கள் அந்தந்தத் துறைத் தலைவர்கள்.

என் துறையிலிருந்து அந்தப் பத்தில் ஒருத்தி இருந்தாள். என்னிடம் எம்.ஏ. படித்தவள். திருவெறும்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். கணவருக்கு அங்கேதான் ஒரு பட்டறையில் வேலை, மகள் ஐந்தாம் வகுப்பு. ஒன்பது வருஷமாக ஒவ்வொரு ஏப்ரலிலும் அவள் நகம் கடிப்பதைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் முன்னால் "வாங்க, போங்க" என்பேன், தனியாக இருந்தால் "நீ, வா" என்பேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் என்பது எந்த ஆசிரியருக்கும் தண்டனை. பையன்கள் பாதிப் பேர் ஜன்னல் வழியாகவே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார்கள். இவள் அந்தப் பீரியடை எடுத்தால் மணி அடித்த பிறகும் வகுப்பு கலையாது. வராந்தாவில் நின்று நானே இரண்டு மூன்று முறை கேட்டிருக்கிறேன். நிலவரி பற்றிப் பாடம். நிலவரிக்கு யார் உட்கார்ந்திருப்பார்கள்? உட்கார்ந்திருந்தார்கள்.

மதிப்பீட்டுப் படிவத்தில் பத்து வரிசை, வரிசைக்குப் பத்து மார்க். ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நேரத்துக்கு வருதல் என்ற வரிசையில் ஏழு போட்டேன். வருஷத்தில் நாலு நாள் தாமதம். பஸ்தான் காரணம் என்று தெரியும், ஆனாலும் தாமதம் தாமதம்தானே. ஆராய்ச்சிக்கு ஆறு. கட்டுரைகள் நல்லவை, எண்ணிக்கை போதாது. வகுப்பு நடத்துதலுக்கு எட்டு. இந்த எட்டை எழுதும்போது கொஞ்சம் யோசித்தேன், ஏனென்றால் எனக்கே நான் ஏழுதான் போட்டுக்கொள்வேன். கூட்டினால் அறுபத்தெட்டு வந்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது. ஒரு நல்ல ஆசிரியையைப் பற்றி ஒரு கண்டிப்பான ஆள் உண்மையாக எழுதிய தாள் என்று அதைப் பார்த்தேன். மற்றத் துறைத் தலைவர்களுக்கு முந்தி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து முதல்வர் கூப்பிட்டார். அவர் வேதியியல்காரர், அளந்து பேசுகிறவர்.

"மேடம், மார்க்கு கொஞ்சம் கம்மியா தெரியுதுங்க. இன்னொரு படிவம் தரேன், பாத்துக் கூட்டிப் போட்டுக் குடுங்க."

"மத்தவங்க எவ்வளவு சார் போட்டிருக்காங்க?"

"அத நான் உங்ககிட்ட சொல்லக்கூடாதுங்க. நீங்க கூட்டிப் போடுங்க, அவ்வளவுதான்."

புதுப் படிவத்தோடு அறைக்கு வந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. தாமதத்தை மன்னித்து ஏழை எட்டாக்கினேன். ஆராய்ச்சிக்கு ஆறை ஏழாக்கினேன். இப்படி ஏழு வரிசையில் ஒவ்வொரு மார்க் ஏற்றினேன். வகுப்பு நடத்துதலில் ஒன்பது என்று எழுதியபோது கை கூசியது, யாரோ பின்னால் நின்று பார்க்கிற மாதிரி. எழுபத்தைந்து. கூட்டல் சரிதானா என்று மறுபடி கூட்டிப் பார்த்தேன். என் வாழ்க்கையில் இந்த எண்ணை மார்க்காக நான் எழுதியதே இல்லை.

முதல்வர் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா மேடம்?"

"இருபத்தெட்டு வருஷத்துல இதுதான் சார் என்னோட அதிகபட்சம்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெளியே யாரோ காத்திருந்தார்கள். "சரிங்க மேடம்," என்று தாளைக் கோப்புக்குள் வைத்துவிட்டார். அவரும் விளக்கமாகச் சொல்லவில்லை, நானும் விளக்கமாகக் கேட்கவில்லை. என்னைத் தாராளமானவளாக நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

அடுத்த வாரம் துறைத் தலைவர்கள் கூட்டத்தில் பட்டியலைத் திரையில் போட்டார்கள். மேலிருந்து கீழாக மார்க் வரிசை. தொண்ணூற்றொன்பதில் ஆரம்பித்தது. அந்தத் தொண்ணூற்றொன்பது வாங்கியவர் பாதிப் பருவம் விடுப்பில் இருந்தவர். ஒன்பதாவது இடத்தில் தொண்ணூற்றொன்று. பத்தாவது இடத்தில் எழுபத்தைந்து. நடுவில் இருந்த பதினாறு மார்க் பள்ளம் மேஜைக்கு அந்தக் கோடியிலிருந்துகூடத் தெரிந்திருக்கும்.

வணிகவியல் தலைவர் என் பக்கம் சாய்ந்தார். நல்ல மனுஷர், கிண்டல்காரர். அன்றைக்கு அவர் கிண்டல் செய்யவில்லை.

"என்ன மேடம், உங்க ஆளுக்கு நீங்களே போடலேன்னா வேற யாருங்க போடுவாங்க?"

நான் எழுந்து பேசினேன். எங்கள் துறையில் எழுபதே பெரிது, இந்த எழுபத்தைந்தை அப்படித்தான் பார்க்க வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு வந்து பாருங்கள் என்றெல்லாம் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். மரியாதையாகக் கேட்கிறார்கள் என்றாலே காரியம் முடிந்துபோயிற்று என்று அர்த்தம். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேத்தே கமிட்டியில கையெழுத்தாயிடுச்சுங்க மேடம். நான் ஒரு தடவ சொல்லிப் பாத்தேன்ல."

சொன்னார். கூட்டிப் போடுங்கள் என்றார். கூட்டியும் போட்டேன். என் கைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

அன்று சாயந்திரம் பஸ்ஸில் உட்கார்ந்து அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தேன். தொட்டால் தொடுவது தெரிகிறது, வலி இல்லை. ஸ்ரீரங்கத்தில் இறங்க வேண்டிய இடத்தில் சரியாக இறங்கினேன். கீரை வாங்கினேன், அதில் பூச்சி அரித்த கட்டைத் தள்ளிவிட்டு வேறு கட்டு எடுத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. வீட்டில் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"எங்க பேங்க்லே அப்ரைசல்னா எல்லாருக்கும் எக்ஸலண்ட்னுதான் போடுவா," என்றார். "வெரிகுட்னு போட்டா அவனுக்கு மெமோ குடுத்தாப்லே."

"இத போன வாரமே சொல்லியிருக்கப்படாதா?"

"நீ எங்கே கேட்டே?"

கேட்கவில்லைதான். மார்க் போடுவதைப் பற்றி இன்னொருவரிடம் கேட்கவேண்டிய ஆள் நான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ராத்திரிச் சமையலைச் செய்தேன். உப்பு சரியாக இருந்தது.

ஏப்ரல் கடைசியில் கடிதம் வந்தது. அதைச் சம்பந்தப்பட்டவரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி அலுவலகத்துக்கு அனுப்புவது துறைத் தலைவரின் வேலை. அவளைக் கூப்பிட்டேன். கையில் இரண்டாம் வருஷத்துத் தேர்வுத்தாள் கட்டோடு வந்தாள். நின்றபடியே கடிதத்தைப் படித்தாள். மாணவர் சேர்க்கை குறைந்ததால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்றுதான் அதில் இருந்தது. மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சேர்க்க கம்மின்னு போட்டிருக்காங்க மேடம்," என்றாள். "நம்ம பாடத்துக்கு இப்ப யாரு சேர்றா. பொண்ணுகிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல, அவ இந்த வருஷம் அம்மா பர்மனன்ட்டு ஆயிடுவாங்கன்னு ஸ்கூல்லயெல்லாம் சொல்லி வெச்சிருக்கா."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். நான் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினேன், அவள் எடுக்கவில்லை. எனக்கு அவளிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் தெரியும், அது வாய் வரைக்கும் வரவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எனக்கு எவ்வளவு மார்க்கு போட்டீங்க?"

சொல்லக்கூடாது என்று விதி. சொன்னேன்.

"எழுபத்தஞ்சு."

"எழுபத்தஞ்சா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அது கடிதத்துக்கு வந்த தண்ணீர் இல்லை.

"எம்.ஏ.ல எனக்கு நீங்க அறுபத்தி நாலுதான் மேடம் போட்டீங்க. அதையே எங்க அப்பா தெரு பூரா சொன்னாரு. எழுபத்தஞ்சு யாருக்குமே போட்டதில்லையே நீங்க."

"இல்ல."

"வேல போனா போகுது மேடம். இது போதும்." சொல்லிக்கொண்டே சிரித்தாள். பிறகு யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அனுபவச் சான்றிதழ் தருவீங்கள்ல, அதுல இந்த மார்க்கப் போட்டுத் தருவீங்களா? எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம் ஒரு காலேஜ்ல ஆள் எடுக்கறாங்களாம். இதக் காட்டினா உடனே எடுத்துப்பாங்க."

எனக்கு அப்போதுதான் உள்ளே எங்கோ வலித்தது. பேசாமல் சரி என்று தலையாட்டியிருக்கலாம். அந்தக் கல்லூரிக்காரர்கள் எழுபத்தைந்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள், இவளுக்குக் கடைசிவரை ஏனென்று தெரிந்திருக்காது.

"அத மட்டும் போட வேணாம்மா," என்றேன்.

"ஏன் மேடம்?"

"வெளியில அது கம்மி."

அவளுக்கு முதலில் புரியவில்லை. சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

"அப்ப மத்தவங்களுக்கெல்லாம்?"

"உனக்கு மேல இருந்தவருக்குத் தொண்ணூத்தொண்ணு. எல்லாருக்கும் அதுக்கு மேலதான். கடைசியில வர்றவங்களத்தான் அனுப்பறதுன்னு முடிவு."

கடிதத்தை மறுபடி பிரித்தாள். மாணவர் சேர்க்கை என்ற வரியை இந்தத் தடவை மெதுவாகப் படித்தாள். மின்விசிறிக் காற்றில் தேர்வுத்தாள்களின் ஓரம் படபடத்தது. மேல் தாளில் அவள் கையெழுத்தில் அறுபத்தொன்று என்று இருந்தது.

"என் தப்புதான்," என்றேன். "எனக்கு அது தப்புன்னே தெரியல."

"கூட்டிப் போடச் சொல்லி யாரும் சொல்லலையா மேடம்?"

"சொன்னாங்க."

"கூட்டினீங்களா?"

"ஏழு."

அவள் கடிதத்தை மடித்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"ஏழு பெரிசுதான் மேடம், நம்ம துறைக்கு."

கிண்டலாகச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நகலைத் தன் பக்கம் இழுத்து, கட்டத்துக்குள் கையெழுத்துப் போட்டாள். கீழே தேதியும் போட வேண்டுமா என்று கேட்டாள். போடச் சொன்னேன்.