வியாழக்கிழமையே வந்துவிட்டுப் போனவர்கள்

நான் லோரி ஓட்டுகிறவன். செம்பனைத் தோட்டங்களில் குலைகளை ஏற்றி எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோவது வேலை. விடியும் முன்பே கிளம்பி, இடுகாட்டு ஓரம், ஆளில்லாத பழைய லயத்து வீடுகள் ஓரம் என்று எங்கெல்லாமோ தனியாகப் போய் வந்திருக்கிறேன், இத்தனை வருஷத்தில் ஒரு வெள்ளைச் சேலையும் என் லோரியை நிறுத்தியதில்லை. கூட்டாளிகள் வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் கட்டுவார்கள், நான் சிரிப்பேன். என் மனைவி ஸ்டெல்லா மாட்டிவிட்ட செபமாலை ஒன்று கண்ணாடியில் தொங்கும், அதுவும் அவள் மனத் திருப்திக்காகத்தான். எதற்குச் சொல்கிறேன் என்றால், இதைக் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள். பாருங்கள், பரவாயில்லை, எனக்குப் பழகிவிட்டது.

போன வருஷம் மழையில் மண்சாலை கரைந்து என் லோரி தோட்டத்து வாய்க்காலில் கவிழ்ந்தது. என்னை வெளியே இழுத்தவர்கள் செத்துவிட்டேன் என்றே நினைத்தார்களாம். பிழைத்துக்கொண்டேன். வலது கால் மட்டும் பழையபடி ஆகவில்லை. அதைவிட, ஓர் அசதி வந்து உட்கார்ந்துகொண்டது, தூங்கினாலும் போகாத அசதி. வேலை விட்டு வந்தால் சாப்பிடுவேன், படுப்பேன், பிள்ளைகள் சத்தம் போட்டால் கத்துவேன். நான் உள்ளே நுழைந்தாலே புக்கிட் ரோத்தானில் எங்கள் சின்ன வீடு அடங்கிப்போகும். மூத்தவள் ஷெரினுக்குப் பதினாலு வயது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். சின்னவள் ஜெசிக்கு எட்டு, அவள்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள்.

பள்ளி விடுமுறை வந்தது. மற்றப் பிள்ளைகள் விமானத்தில் போகிறார்கள், ஓட்டல் குளத்தில் நீந்துகிறார்கள், எல்லாம் கைப்பேசியில் வந்து விழுகிறது. ஸ்டெல்லாதான் சொன்னாள், நாமும் போவோம், கூடாரம் போட்டுத் தங்கலாம், அதற்கு என்ன பெரிய செலவு, கூடாரத்தை என் தம்பியிடம் இரவல் வாங்கலாம், அரிசி வீட்டில் இருக்கிறது, சார்டின் டின் இருக்கிறது, நெத்திலி சம்பால் அரைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று. பழைய தோட்டத்து நிலம் ஒன்றில் குளத்தோரமாக ஒரு மலாய்க்காரப் பெரியவர் வாடகைக்கு இடம் விடுவதாக யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை போவதாகப் பேச்சு. ஜெசி புதன்கிழமையே துணி மடித்துப் பையில் வைத்துவிட்டாள். கடைசி நேரத்தில் ஒரு டிரைவர் வேலைக்கு வரவில்லை என்று முதலாளி கூப்பிட்டார், நான் போய்விட்டேன். வெள்ளியும் அப்படியே போனது. அந்த இரண்டு நாளும் ஸ்டெல்லா தான் வேலை செய்யும் கிளினிக்குக்குப் போனாள், இரண்டு ராத்திரியும் அவள் கையால்தான் சாப்பிட்டேன், பிள்ளைகள் வீட்டில்தான் இருந்தார்கள். இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். பேய்க்கதைக்கு இருட்டு வேண்டும் என்பார்கள், எனக்கு நடந்தது மண்டையைப் பிளக்கிற வெயிலில். வாசலில் அந்தப் பெரியவர் எங்கள் பழைய நீலக் காரைப் பார்த்ததும் எழுந்து வந்தார், ஸ்டெல்லாவைப் பார்த்துச் சிரித்து, “டாத்தாங் லாகி?” என்றார். மறுபடியும் வந்துவிட்டீர்களா என்று. வயதானவர், யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று விட்டுவிட்டோம். அவரே முன்னால் நடந்து குளத்தோரம் ஒரு மரத்தடியைக் காட்டி, அதே இடம்தானே என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் காரிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஓர் அக்கா, ஐம்பது வயது இருக்கும், கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்.

“ஸ்டெல்லா! என்னா, காலைலதானே போன, அதுக்குள்ள வந்துட்ட? பிள்ளைங்க விடலியா?”

“நீங்க யாருக்கா? எனக்குத் தெரியலியே.”

“ஆமா, ரெண்டு நாளா என் கையால சாப்பிட்டுட்டு இப்பத் தெரியலியாக்கும்.” அக்கா சிரித்துக்கொண்டே ஜெசியின் கன்னத்தைக் கிள்ளினார். “ஜெசி, உனக்காவது ஆன்ட்டியத் தெரியுதா?”

ஜெசி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் பெட்டியோடு நொண்டி நொண்டி வந்து சேர்ந்தேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இது யாரு?”

“எங்க வீட்டுக்காரரு.”

அந்தச் சிரிப்பு எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. அக்கா ஸ்டெல்லாவின் கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், “வயசுப் பொண்ண வச்சிக்கிட்டு இப்படியெல்லாம் பண்ணாதம்மா,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

ஸ்டெல்லா கூடாரக் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். “ஏங்க, என்னா சொல்லிட்டுப் போவுது அந்தப் பொம்பள? என்னைய யாருன்னு நெனச்சிச்சு?” கண் கலங்கிவிட்டது. ஷெரின் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. கட்டியவளை ஒருத்தி அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் வராதா?

அவர்கள் கூடாரத்துக்கே போனேன். அந்த அக்காவின் கணவர் கரி அடுப்பில் கோழி வாட்டிக்கொண்டிருந்தார். சுங்கை சோவிலிருந்து வந்தவர்களாம், மரியாதையான மனிதர். சண்டை வேண்டாம் என்று என்னைக் குளத்துப் பக்கம் அழைத்துப் போனார்.

“தம்பி, கோவப்படாதீங்க. அது உங்க ரெண்டு பேரு விசயம்லா. ஆனா எங்ககிட்ட அப்படிச் சொல்லிட்டு, இன்னைக்கு இப்படி வந்து நின்னா, எங்க வீட்டுக்காரிக்கு மனசு கஷ்டமா இருக்காதா?”

“என்னாண்ணே சொல்லிச்சு?”

“வீட்டுக்காரரு தவறிட்டாருன்னு. போன வருசம் லோரி வாய்க்கால்ல கவுந்து. ரெண்டு பேரும் சேர்ந்து அழுதாங்க தம்பி. சின்னப் பொண்ணு எங்கிட்ட அவங்க அப்பா படத்தக்கூடக் காட்டிச்சு.”

“அண்ணே, அந்த லோரியில இருந்தது நான்தான். நான் சாவலண்ணே.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, நம்பினால் நம்புங்கள், அவர் கண் மெதுவாக இறங்கி என் காலுக்குப் போனது. கால் தரையில் இருக்கிறதா என்று பார்க்கிறார்! செருப்போடு கணுக்கால் வரை சேறு. எனக்கே ஒரு நிமிஷம் குனிந்து பார்த்துவிடலாம் போலிருந்தது.

அந்த மனிதர் பின்வாங்கினார். நான் ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

“அவங்க எப்படிண்ணே இருந்தாங்க?”

“நல்லா... நல்லாத்தான் இருந்தாங்க. மொத நாள் அழுததோட சரி. அப்புறம் சிரிப்பும் பாட்டும்தான். பெரிய பொண்ணு வாய் ஓயவே இல்ல.” சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் கூடாரத்தைப் பிடுங்கி, சுருட்டக்கூட இல்லாமல் காரில் திணித்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்த அக்கா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, சாமியைக் கூப்பிட்டிருப்பார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, கோழி அதன் மேலேயே கருகியது. இப்போது சுங்கை சோவில் எங்கோ உட்கார்ந்து அவர்களும் யாரிடமோ இதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் சொல்கிற கதையில் பேய் நான்.

ஸ்டெல்லாவிடம் பாதிதான் சொன்னேன். உன்னைப் போலவே ஒருத்தி வந்திருக்கிறாள், அவள் புருஷனும் லோரி விபத்தில் போய்விட்டானாம் என்றேன். படத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள்.

“வீட்டுக்குப் போயிடுவமா?” என்றேன்.

“எதுக்கு? லீவு எடுத்தாச்சு, சாமான் எறக்கியாச்சு. பிள்ளைங்க எவ்வளவு நாளா கேட்டுக்கிட்டு இருக்குதுங்க. இருப்போம்.” பிறகு மெதுவாக, “அந்தப் பொண்ணு எப்படி இருந்திச்சாம்? பிள்ளைங்கள வச்சிக்கிட்டு ரொம்பக் கஷ்டப்படுதாமா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் நான் கேக்கல,” என்றேன்.

அன்று சாயங்காலம் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். ஜெசி குளத்தோரத்தில் தலைப்பிரட்டை பிடித்து மைலோ டின்னில் விட்டாள். ஸ்டெல்லா கரியில் மீன் சுட்டாள். சுடுசோறும் சம்பாலும் பெரிய விருந்து போல ருசித்தது. ஷெரின் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையோடு தண்ணீரில் இறங்கினாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று. ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்க நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். இதே மரத்தடியில் நேற்றும் இதே சிரிப்புக் கேட்டிருக்கிறது. நான் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன்.

ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. மூவரும் தூங்கினார்கள், நான் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

காலையில் பெரியவரிடம் போய், யாரோ எங்களை மாதிரி வந்தார்களாமே என்று சாதாரணமாகக் கேட்டேன். வியாழக்கிழமை வந்தார்கள், சனிக்கிழமை காலை போனார்கள் என்றார். இதே நீலக் கார். உங்கள் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், நீங்கள் இல்லை என்றார். காரை யார் ஓட்டிக்கொண்டு வந்தது என்று கேட்டேன். உங்கள் மனைவிதான், நன்றாக ஓட்டுகிறாள் என்றார்.

ஸ்டெல்லாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், நீங்கள்தான் இருக்கிறீர்களே என்பாள்.

அப்புறம் நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். லோரி ஓட்டும்போது வேறு என்ன வேலை. நான் இல்லையென்றால் வியாழக்கிழமையைத் தள்ளிப்போட ஆள் இல்லை, சொன்ன நாளில் கிளம்பியிருப்பார்கள். நான் இல்லையென்றால் அவள் ஓட்டப் பழகியிருப்பாள். எல்லாம் சரியாகப் பொருந்துகிறது, அதுதான் பயம். பங்குச் சாமியாரிடம் சொன்னேன், நன்றாகத் தூங்குங்கள் என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு தடவை தனியாக அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன், வாசலில் சங்கிலி போட்டிருந்தது, பெரியவர் மகன் வீட்டுக்குப் போய்விட்டாராம்.

செத்தவர்கள் வந்து நின்றார்கள் என்றால்கூட எனக்கு இவ்வளவு பாரமாக இருந்திருக்காது. என் பெண்டாட்டியும் பிள்ளைகளும் எங்கோ நான் இல்லாமல் இருக்கிறார்கள், நன்றாக இருக்கிறார்கள். அதை ஓர் அந்நியர் பயந்துகொண்டே என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது வீட்டில் அவ்வளவாகக் கத்துவதில்லை. அசதி அப்படியேதான் இருக்கிறது. ஒன்று மட்டும் புதிதாக நடக்கிறது, இதை ஸ்டெல்லாவிடம்கூட நான் பேசியதில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைப்பது ஜெசியின் வேலை. சில நாள் அவள் மூன்று தட்டுதான் வைக்கிறாள். நான் நடுவீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே மூன்று தட்டு வைத்துவிட்டு, அம்மா, அக்கா, சாப்பிட வாங்க என்று கூப்பிடுகிறாள். “ஜெசி, அப்பாவுக்கு?” என்று நான் கேட்டால் திடுக்கிட்டுத் திரும்பி, “மறந்துட்டேன்பா,” என்கிறாள். பொய் சொல்கிற முகம் இல்லை, நிஜமாகவே மறந்துபோன முகம்.

நானே எழுந்துபோய் எனக்கு ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வந்து, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.