கூண்டின் மேல் ஐந்து கற்கள்

மத்திகிரியில் எங்களுக்குப் பக்கத்து வாடகை வீட்டில் அவர் இருந்தார். கம்பெனியில் லாரிக்கு லோடு கட்டுகிற வேலை. ஒல்லியான ஆள், ஞாயிற்றுக்கிழமைகூட லுங்கிக்கு மேல் நீல யூனிஃபார்ம் சட்டைதான். எதைக் கட்டினாலும் கயிற்றை விரலால் ஒருமுறை சுண்டி, காதைக் கொடுத்துக் கேட்பார். டங்கென்று சத்தம் வந்தால்தான் கையை எடுப்பார்.

ஒரு சித்திரை மாதச் சாயங்காலம் கர்நாடகா பக்கமிருந்து மேகம் கறுத்து ஏறி வந்தது. கொல்லையில் இருந்த என் கோழிக்கூண்டின் மேல் ஒரு கோணியைப் போட்டுவிட்டு உள்ளே போகப் பார்த்தேன். அவர் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி வந்துவிட்டார்.

"இந்தக் காத்துக்குக் கோணி நிக்குமா சார்? தள்ளுங்க."

கையோடு கொண்டுவந்த தார்ப்பாயைப் போர்த்தி, நான்கு மூலையையும் இழுத்துக் கட்டினார். தன் வீட்டுப் பக்கம் போய் ஐந்து கருங்கற்களைத் தூக்கி வந்து மேலே வைத்தார். கயிற்றைச் சுண்டினார்.

"இப்பிடியே மெட்ராஸ் வரைக்கும் போவலாம் சார்."

காற்று அரைமணி நேரம் ஆட்டிவைத்தது. மழை விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆறு கோழிகளும் ஒரு இறகுகூட நனையாமல் உட்கார்ந்திருந்தன. அவர் குளியலறைக் கூரையின் தகரம்தான் எங்கள் கொய்யா மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, உங்க கூரை மேல இருந்த கல்லையா எடுத்துட்டு வந்தீங்க?"

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தகரம் ஹவுஸ் ஓனருது சார். கோழி நம்முளுது."

அந்த நிமிஷம் வரைக்கும் அவை என் கோழிகள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.